நாலாயிரம் ரூபாய்த் துரு

அந்தத் துருவுக்கு நாலாயிரம் ரூபாய் விலை வைத்தார் கலீல் ரஹ்மான். விலை என்றால் கொடுக்கிற விலை அல்ல, கழிக்கிற விலை.

"துப்பாக்கி இருபத்தெட்டாயிரம் போகும். இடது குழல்ல இந்தத் துரு இருக்கு பாருங்க, இதுக்கு ஒரு நாலாயிரம் கழிச்சுக்கணும். இருபத்து நாலு. இப்பவே எண்ணித் தர்றேன்."

"விக்க வரலீங்க பாய்," என்றார் பூபதி. "வெச்சுட்டுப் போக வந்தேன்."

"தெரியும். கேட்டு வெச்சேன். கேக்கறதுக்குக் காசா பணமா?"

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கலீல் ரஹ்மானின் கடை. துப்பாக்கியும் தோட்டாவும் விற்க உரிமம் உண்டு. ஆனால் விற்பனை என்பது வருடத்துக்கு நாலைந்துதான். கடைக்குச் சோறு போடுவது தேர்தல். தேர்தல் அறிவித்தால் உரிமம் உள்ளவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ இப்படிப்பட்ட கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். 'ஜனநாயகம் நல்லா இருக்கணும்' என்று கலீல் ரஹ்மான் துஆ செய்வதாகக் கடைத்தெருவில் ஒரு கேலி உண்டு.

பூபதிக்குச் சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில், முட்டைக்கோழிப் பண்ணை. துப்பாக்கி அப்பா வாங்கியது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று எடுத்த உரிமம். போன பாராளுமன்றத் தேர்தலுக்குக் காவல் நிலையத்தில்தான் வைத்தார். குடிதண்ணீர்க் கேன் அடுக்கிய மூலையில் அதைச் சாத்தி வைத்திருந்தார்கள். திரும்ப வாங்கும்போது குழல் முழுக்கச் செம்பொடி. "ஆளு பத்திரமா இருக்காருல்ல? கொஞ்சம் நெறம் மாறிட்டாரு, அவ்வளவுதான்," என்றார் ரைட்டர். அதைச் சுத்தம் செய்யப் பூபதிக்கு ஒரு மாதம் ஆயிற்று.

கோழிப்பண்ணையில் துருப்பிடிக்காத பொருள் முட்டை ஒன்றுதான். எருவின் காரம் காற்றில் ஏறிக் கூண்டைத் தின்னும், கூரைத் தகட்டைத் தின்னும், சுவரில் அடித்த ஆணியைக்கூட விடாது. அதனால் பூபதிக்குத் துரு என்றால் பரம்பரைப் பகையாளி மாதிரி. பண்ணைக் காற்று எட்டாத கிழக்கு அறையில், சுவரோடு போல்ட் போட்டு முறுக்கிய இரும்பு பீரோ. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒன்று மனைவி சாரதாமணியிடம். இரண்டு பேரும் சேராமல் பீரோ திறக்காது. தோட்டா அந்த அறையிலேயே கிடையாது. வேறு அறையில், வேறு பெட்டியில். உள்ளே வைக்கும் முன் துப்பாக்கியை மடித்து இரண்டு குழலும் காலி என்று பார்ப்பார். பார்த்ததை நம்பாமல் விரலை விட்டும் பார்ப்பார். தோல் உறையில் வைக்க மாட்டார். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டும். குழலின் வாய் கீழே பார்க்க, கம்பளித் துண்டின் மேல் நிறுத்துவார். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் இறங்கி மரக்கட்டையை ஊறவைத்துவிடும். தேங்காயெண்ணெய் கிட்டேயே வரக்கூடாது. வெறும் கையால் இரும்பைத் தொடக்கூடாது. தொட்டால் வியர்வை உப்பு, உப்பு இருந்தால் துரு.

இத்தனை சட்டத்துக்கும் அந்த வீட்டில் ஒரே ஒரு உதவியாளர். மகள் வெண்ணிலா. கோழி மருந்து டப்பாக்களுக்குள் ஈரம் உறிஞ்சுவதற்கென்று சின்னச் சின்னப் பொட்டணம் வருமல்லவா, அதைச் சேர்த்து, தோசைக்கல்லில் மெல்லச் சூடுகாட்டி உலர்த்தி, பீரோவில் வைக்க அப்பாவிடம் விற்பாள்.

"பொட்டணம் ஒரு ரூவா."

"கள்ளி! என்ற மருந்து டப்பா, என்ற அடுப்பு. என்கிட்டயே வியாபாரமா சாமி?"

"கூலி இல்லையா? சரி, பத்து வாங்குனா ஒண்ணு கொசுறு."

குழலைத் தனியாகக் கழற்றித் துடைக்கும் நாளில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கச் சொல்வார். சுத்தமாக இருந்தால் அந்தக் கடைசியில் பளிச்சென்று இரண்டு வட்டம் தெரியும். "ரெண்டு நிலாப்பா," என்பாள். அதுதான் துரு இல்லை என்பதற்கு அந்த வீட்டுச் சான்றிதழ்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது வெண்ணிலாதான். தண்ணீர் மோட்டார், தராசு, முட்டை அட்டை ஏற்றுகிற வண்டி. துப்பாக்கிக்கு வந்தபோது பூபதி, "கட்டையில மட்டும் வை சாமி. இரும்புல வேண்டாம்," என்றார். அவள் நல்ல பிள்ளையாகக் கட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலைச் சந்தனத்தில் தோய்த்து, இடது குழலில் ஓர் அழுத்து அழுத்தினாள்.

"இது கொசுறு."

அவர் சிரித்தார். மறுநாள் துடைத்துக்கொள்ளலாம் என்று அப்படியே வைத்துப் பூட்டினார்.

மறுநாள் துடைக்க வேண்டிய ஆள், சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டிருந்தார். வெண்ணிலாவுக்கு முதலில் காய்ச்சல் என்றார்கள், பிறகு டெங்கு என்றார்கள். ரத்தத்தில் ஏதோ ஓர் எண்ணிக்கையைக் காலையும் மாலையும் சொன்னார்கள். அது இறங்கிக்கொண்டே வந்தது. இருபது வருடம் முட்டை விலை இறங்குவதைப் பார்த்தவர் பூபதி. எத்தனை இறங்கினாலும் ஒரு நாள் ஏறியே தீரும் என்பது அவருடைய தொழில் நம்பிக்கை. நடையில் நின்ற மற்றவர்களுக்கும் அதையே சொல்லித் தேற்றினார். இந்த எண் ஏறவில்லை.

தை மாதம், உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்ததால் பீரோவைத் திறந்தார்கள். சந்தனம் காய்ந்து செதிலாக உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில், கருநீல இரும்பின் மேல், செம்பழுப்பாக ஒரு கட்டைவிரல். சின்ன விரல். சுழி சுழியாக ரேகை அத்தனையும் துருவில் விழுந்திருந்தது.

பூபதி பழக்கதோஷத்தில் கம்பிப் பஞ்சை எடுத்தார்.

"கைய எடுங்க," என்றாள் சாரதாமணி.

அதிலிருந்து அந்த வீட்டில் துருவுக்கு ஒரு குடியுரிமை வந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் துடைப்பார். அந்த இடத்துக்கு மட்டும் கோழி இறகில் எண்ணெய் தொட்டு, உரசாமல் ஒரு சொட்டு விடுவார். தேய்த்தால் ரேகை போகும். விட்டாலும் துரு பரவிப் பரவி ரேகையை அதுவே தின்றுவிடும். "இப்பிடிப் பாத்துக்கிட்டா பத்து வருசம் தாங்கும்," என்று கணக்குச் சொன்னார். சாரதாமணி தொட மாட்டாள். வாரத்தில் ஒரு நாள் இரண்டு சாவியையும் போட்டுத் திறந்து, மூச்சுக் காற்றின் ஈரம் படக்கூடாதென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பாள். போனில் படம் எடுத்துப் பார்த்தார்கள். பழுப்பாக ஒரு கறைதான் வந்தது, ரேகை வரவில்லை.

"ஆதாருக்குப் பத்து வெரலும் வெச்சாளே," என்றாள் ஒரு நாள். "அதுல ஒண்ண நமக்குக் குடுக்க மாட்டாங்களாங்க?"

"எழுதிக் கேக்கலாம்," என்றார். கேட்கவில்லை. யாரிடம் கேட்பது, என்னவென்று எழுதுவது?

இப்படி ஒரு வருடம் போனது, இப்போது சட்டமன்றத் தேர்தல். விலக்குக் கேட்டு மனுக் கொடுத்துப் பார்த்தார். வங்கிக் காவலாளிகளுக்கு மட்டும்தான் என்று திருப்பிவிட்டார்கள். தண்ணீர்க் கேன் மூலைக்கு இன்னொரு முறை அனுப்ப மனமில்லாமல்தான் சேலத்துக்குக் கிளம்பினார். சாரதாமணி வாசல்வரை வந்தாள்.

"ஏனுங்க, அதத் தொடக் கூடாதுன்னு சொல்லிப் போடுங்க. எதுக்குன்னும் சொல்லுங்க."

"சொல்றேன். வாரேன்."

கடையில் முதலில் வாடகைப் பேச்சு. மாதம் எழுநூறு என்றார் கலீல் ரஹ்மான். நானூறு என்றார் பூபதி. பாயின் வாப்பா காலத்துச் சிநேகம், கோழித் தீவன விலை, பெட்ரோல் விலை எல்லாம் இடையில் வந்துபோயின. ஐந்நூறில் முடிந்தது. இருவருக்கும் திருப்தி, இருவரும் நஷ்டப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

"சர்வீஸ் பண்ணிடட்டுமா? அந்தத் துருவ எடுத்து, மேல கலர் ஏத்தி, புதுசாக்கித் தரேன். ஆயிரத்து இருநூறு."

"வேண்டாமுங்க. துரு கெடக்கட்டும்."

"ஆயிரம்."

"அதத் தொட வேண்டாமுங்க பாய்."

"எண்ணூறு. இதுக்குக் கீழ எறங்குனா என் பொண்டாட்டி ரஹமத் பீவி என்னைய ஊட்டுக்குள்ள விடமாட்டா."

"வேண்டவே வேண்டாமுங்க."

கலீல் ரஹ்மான் சிரித்தார். முப்பது வருடமாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். 'வேண்டாம்' என்று சொல்லாமல் எவனும் எதையும் வாங்கியதில்லை. அந்தத் தெருவில் அந்தச் சொல்லுக்கு 'இன்னும் குறை' என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது.

அது பூபதிக்கும் தெரியும். அவரும் அதே பள்ளிக்கூடம்தான். எந்தச் சரக்கின் மேல் உசிரோ அதைக் கண்ணெடுத்துப் பார்க்காமல், பக்கத்துச் சரக்கை விலை கேட்பதுதான் வியாபாரம். ஆசை தெரிந்தால் பிடி எதிராளி கைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் கடையில் இன்னொரு ஆள் வேறு, தோட்டா விலை கேட்டுக்கொண்டு நின்றான். 'அது என் பிள்ளையின் விரல்' என்ற நாலு வார்த்தை நெஞ்சுவரை வந்தது. அதைச் சொன்னால் இந்தக் கல்லாப்பெட்டிக்கு முன்னால் அழுதுவிடுவோம் என்றும் தெரிந்தது. மூன்று முறை வேண்டாம் என்றாயிற்று, போதும் என்று எழுந்தார்.

எழுந்தவர் சும்மா வந்திருக்கலாம். ஆனால் எந்த வியாபாரம் முடிந்தாலும் அந்த வாய் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. கத்தரிக்காய் வாங்கினாலும் கேட்கும், லாரி வாங்கினாலும் கேட்கும்.

"கொசுறு ஒண்ணுமில்லீங்களா பாய்?"

"உங்களுக்கு இல்லாததா? போயிட்டு வாங்க, முட்டைக்காரரே."

அன்று இரவுச் சாப்பாட்டில் சாரதாமணி கேட்டாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். தொட வேண்டாம்னு மூணு வாட்டி சொல்லியிருக்கறேன்."

"எதுக்குன்னு?"

பூபதி போனை எடுத்து அன்றைய முட்டை விலையைப் பார்த்தார்.

பிரசார வண்டிகள் வந்தன, வாக்குப் பதிவு முடிந்தது, முடிவும் வந்தது. யார் ஜெயித்தார்கள் என்பதைவிடத் துப்பாக்கியை எப்போது தருவார்கள் என்பதுதான் அந்த வீட்டின் கேள்வி. துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம் என்று கடிதம் வந்த அன்று சாரதாமணி மருந்து டப்பாப் பொட்டணங்களைத் தோசைக்கல்லில் சூடுகாட்டி, ஆறவைத்து, பீரோவில் அடுக்கினாள். கம்பளித் துண்டை வெயிலில் போட்டு எடுத்தாள். கோழி இறகு ஒன்றைப் பொறுக்கி எண்ணெய்க் குப்பியின் பக்கத்தில் வைத்தாள்.

"வாங்க, வாங்க!" கலீல் ரஹ்மான் முகமெல்லாம் பல். ரசீதை முன்பே எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். துப்பாக்கியை உறையிலிருந்து உருவி, மடித்து, இரண்டு குழலும் காலி என்று காட்டிவிட்டு மேசை மேல் வைத்தார். "எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்!"

இடது குழல் ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு சின்னக் குறைகூட இல்லை.

"ஆளு கிட்ட விடல. நானே உக்காந்து, பொறுமையா, கம்பிப் பஞ்சு போட்டு. உள்ளாற கொஞ்சம் குழி விழ ஆரம்பிச்சிருச்சு, தெரியுமா? இன்னும் ரெண்டு வருசம் விட்டிருந்தா இரும்பையே தின்னிருக்கும். காசு வேண்டாம். கொசுறு! நீங்கதான கேட்டீங்க? இப்ப விலை கேட்டா இருபத்தெட்டு முழுசாத் தர்றேன். நாலாயிரம் உங்களுக்கு லாபம்."

பூபதி வெகு நேரம் குனிந்து பார்த்தார். கலீல் ரஹ்மான் பாராட்டுக்குக் காத்திருந்தார்.

"நல்ல வேலைங்க பாய்," என்றார் பூபதி. அப்புறம், "அந்தப் பஞ்சு இருக்குதுங்களா?" என்றார்.

"எந்தப் பஞ்சு?"

"தேச்சது. துரு ஒட்டுன பஞ்சு."

"அதெல்லாம் அப்பவே குப்பைக்குப் போச்சு."

"தொடச்ச துணி?"

"அதுவுந்தான்."

"எவ்வளவு வேணுமுங்க? சொல்லுங்க. கேக்கறதக் குடுத்தர்றேன்."

"கொசுறுக்குக் கொசுறா? நல்ல ஆளுய்யா நீங்க!" கலீல் ரஹ்மான் உரக்கச் சிரித்தார். அந்த மனிதர் விலை குறைக்காமல் கேட்டது இதுதான் முதல் தடவை என்பது சிரித்து முடிக்கிற நேரத்தில்தான் உறைத்தது. சிரிப்பு நின்றது. "என்ன ஆச்சு?"

"அது எம் புள்ளைங்க," என்றார் பூபதி. "கட்டவெரலு. பூசைக்குச் சந்தனத்துல தொட்டு வெச்சது. அதுக்கப்புறம் அவ ஊட்டுக்கு வரல."

கலீல் ரஹ்மான் எழுந்து பின்கட்டுக்கு ஓடினார். இழுப்பறைகளை இழுக்கிற சத்தம், டப்பாக்களை உருட்டுகிற சத்தம். கை இரண்டிலும் கரியோடு வெறுமனே திரும்பி வந்தார்.

"ஏன்யா சொல்லல?" என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கண்ணுல வெச்சிருப்பனே."

"தொட வேண்டாம்னு சொன்னனுங்களே."

"வேண்டாம்னு எல்லாருந்தானய்யா சொல்றாங்க!"

பூபதி சட்டைப்பைக்குள் கை விட்டார். பணத்தை எடுத்தார். கலீல் ரஹ்மான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பூபதி நோட்டுகளை மேசை மேல் வைத்து, காற்றில் பறக்காமல் தராசுக் கல்லை மேலே வைத்துவிட்டு, ரசீதைப் பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது வாய் ஒன்றும் கேட்கவில்லை.

வழியில் இரண்டு தடவை காரை ஓரங்கட்டி நிறுத்தினார். சாரதாமணிக்குப் போன் போட எண்ணைத் தேடுவார், பிறகு வண்டியை எடுப்பார்.

அவள் கைகழுவித் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். துணியை விரித்தாள். துப்பாக்கியை அதன் மேல் வைத்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். ஜன்னல் பக்கமாகத் திருப்பினாள்.

"இந்தப் பக்கந்தானுங்க?"

"ஆமா."

வலது குழலையும் பார்த்தாள். அடியிலும் பார்த்தாள். மறுபடி இடது குழலுக்கு வந்தாள். பிறகு வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"எதுக்குன்னு சொல்லலயா நீங்க?"

இல்லை என்று பூபதி தலையை ஆட்டினார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். கட்டைவிரலை நீட்டி, அந்த இடத்தில் வைத்தாள். ஒன்றரை வருடமாகத் தொடாத இடம். வழுவழுவென்றிருந்தது.

"இனித் தொடலாமில்லீங்க," என்றாள்.

விரலை எடுத்ததும் கருநீலத்தின் மேல் வியர்வையில் ஒரு ரேகை தெரிந்தது. பெரிய விரல். பூபதி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய்த் துணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவர் எடுக்கவில்லை. அவளே எடுத்தாள்.

"என்னுது எதுக்கு," என்று சொல்லி, சுத்தமாகத் துடைத்தாள்.

மடித்துப் பார்த்து, காலி என்று சரிபார்த்து, வாய் கீழே பார்க்கக் கம்பளித் துண்டின் மேல் நிறுத்தினார். சூடுகாட்டிய பொட்டணங்கள் அடியில் வரிசையாக இருந்தன. கோழி இறகை அவள் எடுத்து ஜன்னல் வழியாக வெளியே விட்டாள். பண்ணைக் காற்றில் அது கொஞ்ச தூரம் போயிற்று. அவர் பூட்டை அவர் பூட்டினார், அவள் பூட்டை அவள் பூட்டினாள்.

"எவ்வளவு ஆச்சுங்க?" என்றாள். அவர் எங்கே போய் வந்தாலும் அவள் கேட்பது அது.

பூபதி ரசீதை எடுத்துப் பிரித்தார்.

"வாடகை மூணு மாசம். ஆயிரத்தி ஐநூறு. குடுத்தாச்சு."

"அப்புறம்?"

"துரு எடுத்தது. கொசுறுன்னு எழுதியிருக்குது."

"பாக்கி?"

"பாக்கி இல்ல."